மதுரைல இருந்து டெல்லி வரைக்கும் ரயில்ல போறோம், லக்கேஜ் எவ்வளவு எடுத்துட்டுப் போகலாம்? அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க

வைகைக்கரை:
எல்லாருக்கும் வணக்கம். வீட்டுக்காரருக்கு டெல்லில வேலை மாத்தல், அவர் முன்னாடியே போயிட்டார், இப்ப நாங்க கிளம்பணும். நான், மாமியார் (முட்டி வலி, படி ஏறவே சிரமம்), 8 வயசு பொண்ணு, துணைக்கு என் தம்பி. மதுரைல பாண்டியன் எக்ஸ்பிரஸ் புடிச்சு விடியக்காலைல எழும்பூர், அன்னிக்கு ராத்திரி சென்ட்ரல்ல தமிழ்நாடு எக்ஸ்பிரஸ். ரெண்டுமே ஸ்லீப்பர், எல்லாம் கன்ஃபர்ம் ஆயிடுச்சு. நேரா போற வண்டில டிக்கெட் கிடைக்கல.

இப்ப பிரச்சனை லக்கேஜ். ரெண்டு பெரிய சூட்கேஸ், ரெண்டு டிராலி, எங்க அப்பா குடுத்த தகரப் பெட்டி ஒண்ணு, டேபிள் டாப் கிரைண்டர், மிக்சி, பாத்திரம் ஒரு அட்டைப்பெட்டி, 25 கிலோ அரிசி ஒரு மூட்டை, ஊறுகாய் நல்லெண்ணெய் தனி. கிரைண்டர விட்டுட்டு வரமாட்டேன்னு மாமியார் ஒரே புடியா இருக்காங்க, அவங்கள நான் குத்தம் சொல்லவும் மாட்டேன். சின்ன கேஸ் சிலிண்டர் ஒண்ணு காலியா இருக்கு அதையும் எடுத்துட்டுப் போகலாமா? ஆளுக்கு எத்தன கிலோன்னு ஒவ்வொருத்தர் ஒவ்வொண்ணு சொல்றாங்க. தெரிஞ்சவங்க சொன்னா புண்ணியமா போகும்.

கொங்குபயணி:
அக்கா கவலையே படாதீங்க. நான் பத்து வருஷமா மாசம் ரெண்டு தடவ வடக்க போயிட்டு வர்றேன், ஒரு தடவ கூட யாரும் எடை போட்டதில்ல. எல்லாத்தையும் ஏத்திருங்க, சீட்டுக்கு அடில தள்ளிட்டா முடிஞ்சு போச்சு.

பழைய பார்சல்காரர்:
தம்பி, எடை போடாததுனால விதி இல்லன்னு ஆயிடாது. நான் பார்சல் ஆபீஸ்ல வேலை பாத்து ரிட்டயர் ஆனவன். அந்தப் பொண்ணு பெரியவங்களையும் குழந்தையையும் கூட்டிட்டு ரெண்டு ராத்திரிக்கு மேல போகுது, நடு வழில டிடிஆர் வந்து கேட்டா யார் பதில் சொல்றது? அதனால கணக்க சரியா சொல்லிடுறேன்மா, குறிச்சு வச்சுக்க.

ஸ்லீப்பர்ல ஆளுக்கு 40 கிலோ இலவசம். ஏசி ஃபர்ஸ்ட்ல 70, செகண்ட் ஏசில 50, தேர்ட் ஏசியும் ஏசி சேர் காரும் 40, சாதா செகண்ட் கிளாஸ்ல 35. 5 வயசுல இருந்து 12 வயசு வரைக்கும் பிள்ளைகளுக்கு அந்தந்த வகுப்போட அளவுல பாதி, எப்படிப் பாத்தாலும் 50 கிலோவத் தாண்டக் கூடாது. அப்ப உங்களுக்கு பெரியவங்க மூணு பேருக்கு 120, பொண்ணுக்கு 20, மொத்தம் 140 கிலோ. நீ சொன்ன சாமானெல்லாம் சேத்தா எடைல ஏறக்குறைய அதுக்குள்ளயே வந்துரும்னு நினைக்கிறேன்.

ஆனா எடை ஒரு பக்கம், அளவு இன்னொரு பக்கம். இத யாரும் பாக்கறதில்ல. பெட்டியோட வெளி அளவு நீளம் 100 சென்டிமீட்டர், அகலம் 60, உயரம் 25, இதுக்கு மேல போனா கோச்சுக்குள்ள கொண்டு போகக் கூடாது, பிரேக் வேன்லதான் (வண்டியோட சேத்து வர்ற சாமான் பெட்டி) போடணும். தேர்ட் ஏசி, சேர் கார்ல இன்னும் சின்னது, 55க்கு 45க்கு 22.5. முதல்ல அந்தத் தகரப் பெட்டிய அளந்து சொல்லும்மா.

வைகைக்கரை:
ரொம்ப நன்றி ஐயா. தையல் டேப்ப வச்சு இப்பதான் அளந்தேன். நீளம் 36 இன்ச், அகலம் 20, உயரம் 14 இன்ச் வருது. சென்டிமீட்டர்ல போட்டா 91, 51, 36. நீளமும் அகலமும் சரியா இருக்கு, உயரம்தான் 11 சென்டிமீட்டர் கூட. மூடிய திறந்து பாத்தா உள்ள பாதி பழைய போர்வைதான், அத எடுத்தாலும் பெட்டி உயரம் குறையாதே.

பழைய பார்சல்காரர்:
குறையாதும்மா. அந்தப் பெட்டி கோச்சுக்குள்ள வேண்டாம். பெர்த்துக்கு அடில போகலன்னா நடைபாதைலதான் நிக்கும், அங்க நின்னா ராத்திரி பாத்ரூம் போறவங்க எல்லாரும் முட்டில இடிச்சுக்குவாங்க. அத பார்சல்ல போடுறதப் பத்தி தனியா எழுதுறேன்.

சைடுலோயர்:
ஐயா சொன்னதுல ஒரு சந்தேகம். மார்ஜினல்னு ஒண்ணு சொல்றாங்களே, 10 கிலோ கூட இருந்தா விட்ருவாங்கன்னு, அது உண்மையா?

பழைய பார்சல்காரர்:
விட்ருவாங்கன்னு அர்த்தம் இல்ல. ஸ்லீப்பர்ல 10 கிலோ மார்ஜின் இருக்கு. இலவச அளவத் தாண்டி அந்த 10க்குள்ள கூட இருந்து புடிச்சா லக்கேஜ் கட்டணத்துல ஒன்றரை மடங்கு. அதையும் தாண்டிருச்சு, புக் பண்ணவும் இல்லன்னா ஆறு மடங்கு. முன்னாடியே லக்கேஜ் ஆபீஸ்ல போய் புக் பண்ணிட்டா கூடுதல் எடைக்கு ஒன்றரை மடங்கோட போயிரும். ஸ்லீப்பர்ல இலவசத்தையும் சேத்து ஒரு ஆளு 80 கிலோ வரைக்கும் கொண்டு போகலாம். தேர்ட் ஏசில அதுவும் கிடையாது, 40தான் எல்லை.

2018ல பேப்பர்ல எல்லாம் ஒரு கணக்கு போட்டாங்க ஞாபகம் இருக்கா, ஸ்லீப்பர்ல 500 கிலோமீட்டர் போற ஆளு கூடுதலா 40 கிலோவ முன்னாடியே புக் பண்ணா 109 ரூபா, பண்ணாம மாட்டினா 654 ரூபான்னு. இப்ப ரேட்டு மாறியிருக்கும், ஆனா ஆறு மடங்குங்கறது எப்படி வலிக்கும்னு அதுல புரியும்.

ஜன்னலோரம்:
இந்த விதி புதுசா வந்ததுன்னு ஒவ்வொரு தடவையும் வாட்ஸப்ல கிளப்பி விட்றாங்க. 2022 மே மாசம் கடைசில ரயில்வே அமைச்சகம் ட்விட்டர்ல லக்கேஜ் அதிகமா கொண்டு வராதீங்கன்னு ஒரு பதிவு போட்டுச்சு, உடனே புது அபராதம்னு எல்லா சேனல்லயும் ஓடிச்சு, அப்புறம் எதுவும் மாறலன்னு அவங்களே விளக்கம் குடுத்தாங்க. 2025 ஆகஸ்ட்லயும் ஏர்போர்ட் மாதிரி எடை போட்டுத்தான் உள்ள விடுவாங்கன்னு செய்தி வந்துச்சு, ரயில்வே மந்திரி அஸ்வினி வைஷ்ணவ் புது விதி ஒண்ணும் இல்ல, பல வருஷமா இருக்கற விதிதான்னு சொன்னார். அதனால பழைய பார்சல்காரர் ஐயா சொல்ற கணக்க வச்சுக்கங்க, ஃபார்வர்ட நம்பாதீங்க.

தாமிரபரணி:
கொங்குபயணி தம்பிக்கு ஒண்ணு சொல்லணும். கோபப்படாம கேளுங்க. நீங்க சீட்டுக்கு அடில தள்ளிட்டா முடிஞ்சுதுன்னு சொன்னீங்க இல்லையா, அந்த அடி யாரோடது?

ஒரு பே-ல, அதாவது எதிரும் புதிருமா பெர்த் இருக்கற ஒரு தடுப்புல, ஆறு பேர், சைடுல ரெண்டு பேர். கீழ இடம் இருக்கறது ரெண்டு லோயர் பெர்த்துக்கு அடிலயும், சைடு லோயர் அடிலயும்தான். ஆறு பேருக்கு ரெண்டு பெர்த் அடின்னா ஆளுக்கு ஒரு பெர்த்தோட மூணுல ஒரு பங்கு, ஒரு நடுத்தர சூட்கேஸும் ஒரு பையும் வைக்கிற இடம், அவ்வளவுதான். 40 கிலோ இலவசம்னு சட்டம் சொல்லுது சரி, ஆனா ஆறு பேரும் ஆளுக்கு 40 கிலோவத் தூக்கிட்டு வந்தா 240 கிலோ எங்கய்யா போகும்?

போன வருஷம் எங்க அம்மாவக் கூட்டிட்டு சென்னை போனேன். அம்மாவுக்கு 74 வயசு, லோயர் பெர்த். நாங்க ஏறும்போதே ரெண்டு பெர்த்துக்கும் நடுவுல மூணு சாக்கு மூட்டை, மேல ஒரு பெரிய பிளாஸ்டிக் டப்பா. அடில ஏற்கனவே நிறைஞ்சு போச்சு. எங்க அம்மா ராத்திரி முழுக்க கால மடக்கி அந்த மூட்டை மேல வச்சுட்டே உக்காந்திருந்தாங்க, படுத்தா எழுந்துக்க முடியாது, செருப்பு எங்க இருக்குன்னு தெரியல. ஒரு மணிக்கு பாத்ரூம் போகணும்னு எழுந்தவங்க மூட்டைல கால் தடுக்கி நடைபாதைல முட்டி போட்டு விழுந்தாங்க. முட்டில தோல் உரிஞ்சு ரத்தம். மூட்டைக்காரர் நல்ல மனுஷர்தான், பதறிப்போய் தண்ணி கொண்டு வந்து குடுத்தார், மன்னிப்பும் கேட்டார். ஆனா என்ன பண்றது, ரெண்டு மாசம் அம்மா மாடிப்படி ஏறல. வைகைக்கரை மேடம் மாமியாருக்கும் முட்டி வலின்னு படிச்சதும் எனக்கு அதுதான் ஞாபகம் வந்துச்சு.

கொங்குபயணி:
அண்ணே மன்னிச்சிருங்க. நான் தனியா போற ஆளு, ஒரு பேக்கோட அப்பர்ல ஏறிப் படுத்துருவேன், இந்தக் கோணத்துல யோசிக்கவே இல்ல. அம்மா இப்ப நல்லா இருக்காங்களா?

தாமிரபரணி:
நல்லா இருக்காங்க தம்பி. கேட்டதே சந்தோஷம்.

பழைய பார்சல்காரர்:
சரி, பார்சல் விஷயம். கொஞ்சம் நீளமாத்தான் வரும், பொறுமையா படிங்க.

ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, டிக்கெட்டக் காட்டி லக்கேஜா புக் பண்றது, அதே வண்டி பிரேக் வேன்ல உன்கூடவே வரும். வண்டி கிளம்பறதுக்கு அரை மணி நேரம் முன்னாடியாவது லக்கேஜ் ஆபீஸ்ல குடுத்துரணும்னு விதி, நான் சொல்றேன் ஒன்றரை மணி நேரம் முன்னாடி போ, எடை போட, ஃபாரம் எழுத, பணம் கட்ட, வரிசைல நிக்கன்னு நேரம் ஓடிரும். இன்னொண்ணு, டிக்கெட்டே இல்லாம பார்சலா போடறது, அது இடம் இருக்கற வண்டில போகும், உனக்கு முன்னாடியும் போகலாம், ரெண்டு நாள் கழிச்சும் போகலாம்.

உங்களுக்கு வண்டி மாறுது, எழும்பூர்ல இறக்கி சென்ட்ரல்ல மறுபடி புக் பண்றதெல்லாம் பெரிய அலைச்சல். அதனால தகரப் பெட்டி, பாத்திரம், கிரைண்டர் மூணையும் மதுரைலயே பார்சலா டெல்லிக்குப் போட்டுருங்க. அங்க உன் வீட்டுக்காரர் ரசீதக் காட்டி எடுத்துக்கட்டும். ரசீதுல எந்த ஸ்டேஷன்னு பாத்துக்க, டெல்லில புது டெல்லி வேற, நிஜாமுதீன் வேற, ஒண்ணுக்குப் போட்டு இன்னொண்ணுல போய் நின்னவங்கள எவ்வளவு பேரப் பாத்திருக்கேன். சாமான் வந்ததும் சீக்கிரம் எடுத்துரணும், நாளாக ஆக வார்ஃபேஜ்னு வாடகை ஏறிட்டே இருக்கும்.

பேக்கிங்தான் உயிர். கிரைண்டர் கல்லத் தனியா எடுத்து துணி சுத்தி வை, டிரம்முக்குள்ளயே விட்டா ஆடி ஆடி கீறல் விழும், மோட்டார் பக்கம் தெர்மகோல். வெளில சாக்குப் பை போட்டு கோணி ஊசியால தச்சுரு. அனுப்புறவர் பேரு, வாங்குறவர் பேரு, போன் நம்பர், எந்த ஸ்டேஷன்ல இருந்து எந்த ஸ்டேஷன்னு ரெண்டு பக்கமும் அழியாத மார்க்கர்ல எழுது, அதே விவரத்த ஒரு தாள்ல எழுதி பெட்டிக்கு உள்ளயும் போடு. வெளில ஒட்டினது கிழிஞ்சு போனா உள்ள இருக்கற தாள்தான் காப்பாத்தும். இத மட்டும் மறக்காத, அனுபவத்துல சொல்றேன்.

இன்னும் ஒண்ணு, மதிப்ப எழுதி அதுக்கான கூடுதல் கட்டணம் கட்டலன்னா, தொலைஞ்சா பார்சலுக்கு கிலோவுக்கு 50 ரூபா, லக்கேஜுக்கு கிலோவுக்கு 100 ரூபா, அவ்வளவுதான் ரயில்வே குடுக்க வேண்டிய உச்ச வரம்பு. அதனால வெள்ளிப் பாத்திரம் கிள்ளிப் பாத்திரம் அதுல போட்டுறாத.

சைடுலோயர்:
சின்ன ஸ்டேஷன்ல ஏறுறவங்களுக்கு இது ஒத்து வருமா ஐயா? எங்க ஊர்ல வண்டி ரெண்டு நிமிஷம்தான் நிக்கும்.

பழைய பார்சல்காரர்:
ரெண்டு நிமிஷத்துல பிரேக் வேன் திறந்து ஏத்தி இறக்கி மூட முடியாது தம்பி. பக்கத்துல இருக்கற பெரிய ஸ்டேஷன்ல போய்த்தான் குடுக்கணும். பைக் அனுப்பறவங்களுக்கும் அதேதான், கூடவே ஆர்சி புக் காப்பி, அடையாள அட்டை வேணும், டாங்க்ல ஒரு சொட்டு பெட்ரோல் இருக்கக் கூடாது.

ஜன்னலோரம்:
சிலிண்டர் பத்தி யாரும் பதில் சொல்லல. மேடம், காலி சிலிண்டர் கூட கூடாது. வேண்டவே வேண்டாம். நீங்க மதுரைக்காரங்க, உங்களுக்கு நான் சொல்லணும்னு இல்ல, 2023 ஆகஸ்ட் 26 விடியக்காலைல மதுரை ஸ்டேஷன் பக்கம் நிறுத்தி வச்சிருந்த சுற்றுலா கோச்சுல தீ புடிச்சு உத்தரப் பிரதேசத்துல இருந்து வந்த யாத்ரீகர்கள் 9 பேர் இறந்து போனாங்க. உள்ள கள்ளத்தனமா கொண்டு வந்த கேஸ் சிலிண்டர்தான் காரணம்னு ரயில்வே சொல்லுச்சு. காபி போட பத்த வச்சதுன்னு பேப்பர்ல படிச்சப்ப மனசு ஆறல.

பட்டாசு, பெட்ரோல், மண்ணெண்ணெய், ஆசிட் எதுவும் கூடாது. 1989 ரயில்வே சட்டம் 164வது பிரிவுப்படி ஆபத்தான பொருள் கொண்டு போனா 3 வருஷம் வரைக்கும் ஜெயில், இல்ல 1000 ரூபா வரைக்கும் அபராதம், இல்ல ரெண்டும். தீபாவளிக்கு சிவகாசில வாங்கினேன், புள்ளைங்களுக்குத்தான்னு ஒரு சின்ன பைய எடுத்துட்டு வர்றவங்க இருக்காங்க, தயவுசெஞ்சு பண்ணாதீங்க, ஒரு கோச்சுல எழுபது எம்பது பேர் தூங்குறாங்க. மின்சார கெட்டிலும் அப்படித்தான், சார்ஜ் போடற பிளக் போனுக்கும் லேப்டாப்புக்கும்தான், வென்னி வைக்க இல்ல.

ஆக்சிஜன் சிலிண்டர் மட்டும் விதிவிலக்கு, டாக்டர் சீட்டோட நோயாளிக்கு அனுமதி உண்டு.

வைகைக்கரை:
ஐயோ அந்தத் தீ விபத்து நடந்த அன்னிக்கு நாங்க ஊர்லதான் இருந்தோம். நான் காலி சிலிண்டர்தானேன்னு யோசிக்காம கேட்டுட்டேன். பக்கத்து வீட்ல குடுத்துட்டேன், அந்தப் பேச்சே இல்ல. கிரைண்டர் பார்சல்ல போகுதுன்னு மாமியாரச் சம்மதிக்க வைக்கத்தான் ஒரு நாள் ஆச்சு, கல்ல மட்டும் என் பைல வச்சுக்கறேன்னு சொல்றாங்க!

எழும்பூர்ல இறங்கி ராத்திரி வரைக்கும் என்ன பண்றதுன்னு சொல்லுங்க.

எழும்பூர்வாசி:
என் பேட்டை, நான் சொல்றேன். கிளாக் ரூம்ல போட்டுருங்க. டிக்கெட், அடையாள அட்டை ரெண்டும் கேப்பாங்க, ஒவ்வொரு பைலயும் பூட்டு இருக்கணும், பூட்டில்லாத பைய வாங்க மாட்டாங்க. இதுக்காகவே சின்னப் பூட்டு நாலஞ்சு மதுரைலயே வாங்கிருங்க. சாப்பாட்டு ஐட்டம் அதுல வைக்காதீங்க. ராத்திரி வண்டி சென்ட்ரல்ல இருந்துதான்ங்கறதால எழும்பூர்ல போட்டுட்டு திரும்ப வந்து எடுக்கறதுக்குப் பதிலா, காலைலயே ஆட்டோ புடிச்சு சென்ட்ரல் போய் அங்க கிளாக் ரூம்ல வச்சுருங்க, ரெண்டு கிலோமீட்டர் கிட்டத்தான். சாயங்கால ட்ராஃபிக்ல பெட்டியோட மாட்டிக்கக் கூடாது.

போர்ட்டர் வேணும்னா கைல பித்தளை பில்லை கட்டியிருக்கறவரா பாத்து புடிங்க, நம்பர மனசுல வச்சுக்கங்க. ரேட்டு போர்டு ஸ்டேஷன்லயே இருக்கும், பெட்டிய தலைல ஏத்தறதுக்கு முன்னாடியே பேசிருங்க. அவங்களும் உழைக்கிறவங்க, முழங்கால் தேயத் தூக்குறாங்க, எடைய மறைச்சு சொல்லி பேரம் பேச வேண்டாம். மாமியாருக்கு பேட்டரி கார் இருக்கான்னு அங்கயே கேளுங்க.

பெட்டிபடுக்கை:
திருட்டு பத்தி நான் சொல்றேன், ஒரு தடவ அடிபட்டவ. வட இந்தியப் பக்கம் ஒரு வண்டி, விடியக்காலை மூணரை இருக்கும், ஸ்டேஷனுக்கு வெளில சிக்னலுக்கு நின்னுச்சு. தலைமாட்டுல வச்சிருந்த ஹேண்ட்பேக், வார கைல சுத்திட்டுத்தான் தூங்கினேன், ஜன்னல் வழியா கைய விட்டு இழுத்ததுல வாரு அறுந்து போச்சு. முழிச்சுப் பாக்கறேன் வாரு மட்டும் மணிக்கட்டுல தொங்குது. போன், பணம், என் பையனோட ஆஸ்துமா மருந்து எல்லாம் அதுல. பணம் போனது கூட பரவால்ல, மருந்து இல்லாம அடுத்த ஸ்டேஷன் வர்ற வரைக்கும் நான் பட்ட பாடு இருக்கே. பக்கத்து கோச்சுல ஒரு அக்கா அதே மருந்து வச்சிருந்தாங்க, அவங்க மகராசியா இருக்கணும்.

அதுல இருந்து நான் பண்றது: மருந்த ரெண்டு பையாப் பிரிச்சு வைப்பேன், ஒண்ணு என்கிட்ட ஒண்ணு வீட்டுக்காரர்கிட்ட. ராத்திரி ஜன்னல் ஷட்டர இறக்கிருவேன், ஜன்னல் பக்கம் தலை வச்சுப் படுக்க மாட்டேன். பெர்த்துக்கு அடில செயின் போடறதுக்கு வளையம் இருக்கும், எல்லாப் பெட்டியோட கைப்பிடிலயும் ஒரே செயின கோத்து பூட்டிருவேன், டிராலியோட இழுக்கற கம்பில போடாதீங்க அது ஒரு உதைல கழண்டுரும், பக்கவாட்டுல தச்ச கைப்பிடிலதான் போடணும். சாவி கழுத்துல.

திருட்டு போச்சுன்னா வண்டிய விட்டு இறங்கித்தான் புகார் குடுக்கணும்னு இல்ல. டிடிஆர், கார்டு, கோச் அட்டெண்டன்ட் யார்கிட்டயாவது எஃப்ஐஆர் ஃபாரம் வாங்கி எழுதிக் குடுத்தா போதும், 139க்கு அடிக்கலாம், ரயில்வேயோட புகார் ஆப் ‘ரயில் மதத்’லயும் போடலாம். பயணத்த முறிச்சுக்க வேண்டாம்.

பழைய பார்சல்காரர்:
சரியாச் சொன்னீங்கம்மா. சட்டத்தையும் தெரிஞ்சுக்கங்க, 100வது பிரிவு. புக் பண்ணி ரசீது வாங்காத லக்கேஜுக்கு ரயில்வே பொறுப்பு கிடையாது. கைல கொண்டு போற சாமான் போனா, ரயில்வே ஊழியரோட கவனக்குறைவாலதான் போச்சுன்னு நாமதான் நிரூபிக்கணும். மறந்து வச்சுட்டு இறங்கிட்டா மட்டும் மனசு விட்டுறாதீங்க, ஆர்பிஎஃப்ல (ரயில்வே பாதுகாப்புப் படை) ஆபரேஷன் அமானத்னு ஒண்ணு இருக்கு, கண்டெடுத்த பைகளோட விவரத்த வச்சு உரியவங்ககிட்ட சேக்கறாங்க. உடனே 139ல கோச் நம்பர், பெர்த் நம்பர், பையோட நிறம் சொல்லணும்.

பை உள்ள ஏத்தலன்னு அபாயச் சங்கிலிய இழுக்கறவங்களும் உண்டு. காரணம் இல்லாம இழுத்தா 141வது பிரிவுல 1 வருஷம் வரைக்கும் ஜெயில் இல்ல 1000 ரூபா வரைக்கும் அபராதம்.

தாமிரபரணி:
ஏத்தற விஷயம்னா, கோச் எங்க நிக்கும்னு போர்டப் பாத்து முன்னாடியே அங்க போய் நில்லுங்க. முதல்ல பெரியவங்களும் குழந்தையும் ஏறணும், அப்புறம் ஒருத்தர் உள்ள நின்னு வாங்க ஒருத்தர் கீழ இருந்து குடுக்க. மொத்தம் எத்தன பீஸ்னு ஒரு எண் வச்சுக்கங்க, சாப்பாட்டுக் கூடையும் தண்ணிக் கேனும் அதுல சேத்தி. எங்க வீட்ல ஏறினதும் பிள்ளைங்கதான் எண்ணும், எங்களவிட அதுங்க கவனமா எண்ணும். வழியனுப்ப வர்றவங்க உள்ள ஏறி சாமான் வைக்கறது வந்தே பாரத்ல வேண்டவே வேண்டாம், கதவு தானா மூடிரும், அடுத்த ஸ்டேஷன் வரைக்கும் போயிட்டுத்தான் வரணும்.

கொங்குபயணி:
நானும் ஒண்ணு சொல்றேன். அடில சாப்பாடு வைக்காதீங்க, எலி இருக்கு, ஒரு தடவ முறுக்கு வாசத்துக்கு என் பையையே கடிச்சு ஓட்டை போட்டிருச்சு. சாப்பாடு எல்லாம் மேல கொக்கில தொங்கட்டும். அடில வைக்கறதுக்கு முன்னாடி ஒரு பழைய பிளாஸ்டிக் சாக்க விரிச்சுக்கங்க, தரை கழுவுற தண்ணி, யாரோ கொட்டுன டீ எல்லாம் அங்கதான் வந்து நிக்கும். நல்லெண்ணெய கேன்ல எடுக்காம பாக்கெட்டா வாங்கி எவர்சில்வர் தூக்குக்குள்ள வச்சு எடுத்துட்டுப் போங்க, பாக்கெட் கிழிஞ்சாலும் தூக்குலயே நிக்கும். ஊறுகாய் பாட்டில் வாய்ல ஒரு பிளாஸ்டிக் தாள வச்சு மூடிய திருகுங்க. அரிசி டெல்லிலயே கிடைக்கும் அக்கா, பொன்னி கூட தமிழ்க் கடைல விக்கறாங்க, 25 கிலோவ ஏன் சுமக்கறீங்க.

வைகைக்கரை:
அரிசிய விட்டுட்டோம் தம்பி. நாளைக்கு பார்சல் ஆபீஸ் போறோம்.

வைகைக்கரை:
மூணு வாரம் கழிச்சு எழுதறேன், எல்லாரும் மன்னிக்கணும், வீடு அமைக்கறதுலயே நேரம் போச்சு. நல்லபடியா வந்து சேந்துட்டோம்.

தகரப் பெட்டி, பாத்திரம், கிரைண்டர் மூணும் நாங்க வந்த மூணாவது நாள் வந்துச்சு. வெளில ஒட்டுன தாள் ஒரு பெட்டில பாதி கிழிஞ்சு பேரே தெரியல, மார்க்கர்ல சாக்கு மேல எழுதினது இருந்ததால வீட்டுக்காரர் அடையாளம் காட்டி எடுத்துட்டார். ஐயா உங்களுக்குக் கோடி நன்றி. கிரைண்டர் ஓடுது, நேத்து இட்லி.

கோச்சுக்குள்ள நாங்க கொண்டு போனது ரெண்டு சூட்கேஸ், ரெண்டு டிராலி, சாப்பாட்டுக் கூடை, தண்ணி, மாமியாரோட கல் வச்ச பை, மொத்தம் ஏழு பீஸ். பொண்ணு ஒவ்வொரு தடவையும் ஏழு எண்ணிட்டே இருந்தா. எங்க பெர்த்துக்கு அடில பாதி இடம் காலியாவே இருந்துச்சு, நாக்பூர்ல ஏறுன ஒரு குடும்பம் கைக்குழந்தையோட வந்தாங்க, அவங்க பைய அங்க வச்சுக்கிட்டாங்க. அந்தம்மா ராத்திரி முழுக்க குழந்தையத் தூக்கிட்டு நடக்க வழி இருந்துச்சு. தாமிரபரணி அண்ணன் சொன்னத அப்ப நினைச்சுக்கிட்டேன். இறங்கறதுக்கு முக்கால் மணி நேரம் முன்னாடியே செயின கழட்டிட்டோம், அது நல்லதாப் போச்சு, பூட்டு இறுகிப் போய் திறக்கவே பத்து நிமிஷம் ஆச்சு.

சைடுலோயர்:
சந்தோஷம் மேடம். கடைசியா எனக்கு ஒரு கேள்வி, அடுத்த வாரம் எனக்கு ஆர்ஏசி. சைடு லோயர்ல ரெண்டு பேர் உக்காந்து போகணும், லக்கேஜ் எங்க வைக்கறது?

தாமிரபரணி:
சைடு லோயருக்கு அடில இருக்கறது நீங்க ரெண்டு பேரு, சைடு அப்பர் ஒருத்தர், மூணு பேருக்கும் சேத்து. ஒரே ஒரு மெத்துன்னு இருக்கற துணிப் பை, கெட்டிப் பெட்டி வேண்டாம், மடங்கற பைன்னா எந்த இடுக்குலயும் போகும். ஒரு போர்வை, தண்ணி, சாப்பாடு தனியா கைல. சார்ட் போட்டதும் பெர்த் கிடைச்சா வேற கோச்சுக்கே மாத்திடலாம், அப்ப ஓடற வண்டில வெஸ்டிப்யூல் (கோச்சுக்கு கோச்சு போற இணைப்பு வழி) வழியா நீங்களே தூக்கிட்டு நடக்கணும், அதனால ஒரு கைல தூக்க முடியற எடையா மட்டும் எடுத்துக்கங்க.

சைடுலோயர்:
சரிங்கண்ணே, ஒரே பை.